மூட்டை கட்டிய பெல்ட்

மகன், எழுத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கோழி கிளறிய காகிதம் என்று எறிந்துவிடாதே. கிளறியது உன் அப்பாதான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லைசன்ஸில் வைத்த கையெழுத்தும், வேனின் பின்கண்ணாடித் தூசியில் விரலால் எழுதிய பகிடிகளும்தான். எழுதுகிற இந்தக் கொப்பி உன் தங்கச்சியுடையது. எழுதி முடித்துத் தருகிறேன், பிழை திருத்தித் தா என்று கேட்டேன். "உங்கட பிழைய நீங்களே திருத்துங்க" என்று சொல்லிப்போட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். போனில் சொல்லலாமே என்றும் கேட்டுப் பார்த்தேன். "போன்ல கதைச்சா நீங்க பகிடியாக்கிப் போடுவீங்கப்பா. எழுதுங்க. தனிய இருந்து எழுதுங்க. பகிடி விட்டா சிரிக்கிறதுக்கு ஆள் இருக்காது" என்றாள். அவள் சொன்னது சரி. மூன்று நாளாக எழுதுகிறேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கை நோகிறது.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். கொழும்பு பஸ்ஸில் நீ போட்டுவிட்ட பெட்டி களுவாஞ்சிக்குடியில் இறங்கியபோது கொண்டக்டர் என்னைப் பார்த்து, "உள்ளுக்க ஆள் கிடக்கா ஐயா?" என்று கேட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் கறுப்பில் ஒரு கதிரை. அதற்குள் ஐந்து வார், நடுவில் ஒரு சிவப்புப் பூட்டு. உன் அம்மா இரண்டு தரம் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது பிள்ளைய இருத்துறதுக்கா, சந்திரனுக்கு அனுப்புறதுக்கா?" என்றாள். தங்கச்சி தன் பத்து மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதிரையின் தலைப்பக்கத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். அப்போதுதான் நான் உனக்குப் போன் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். அயலில் இருந்து நாலைந்து பேர் பெட்டியைப் பார்க்க வந்திருந்தார்கள். சனம் கூடினால் எனக்கு வாய் ஊறும் என்பது உனக்குத் தெரியும்.

நீ பொறுமையாகத்தான் சொன்னாய். "சட்டம் மாறுதப்பா. இனி பின்சீற்றில இருக்கிறவங்களும் பெல்ட் போடோணும். சின்னப்பிள்ளைகள மடியில வச்சிக் கொண்டுபோக விடமாட்டாங்க, இப்பிடிக் கதிரையில கட்டித்தான் கொண்டுபோகோணும் எண்டு கொண்டு வாறாங்க. அவங்க வந்து பிடிக்க முதல் நாம செய்வமே."

"அதெல்லாம் சரி மனே. பிள்ளைக்கு வாற பூரணைக்குக் காது குத்து. மாமன்ட மடி வேணும். நீ மடிக்குப் பதிலா கதிர அனுப்பிக் கிடக்கிறாய்."

"எனக்கு லீவு கிடைக்காதப்பா."

"லீவா? இல்லாட்டிக் கையில எண்ணெய் இன்னும் காயல்லியா? எண்ணெய்க் கையனுக்கெண்டே அரசாங்கம் சட்டம் போட்டிருக்குப் பாத்தியா!"

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் பெரிதாகச் சிரித்தேன். சிரிப்பு அடங்கும் வரைக்கும் நீ போனை வைக்கவில்லை. பிறகு, "ஓம் அப்பா. கதிர கை விடாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அதற்குப் பிறகு பதின்மூன்று நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. அம்மாவின் போனை எடுத்து, வரமாட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். தங்கச்சி ஒரே சொல்லில் நிற்கிறாள்: அண்ணாவின் மடியில் இருந்துதான் பிள்ளைக்குக் காது குத்துவேன், அண்ணா வராவிட்டால் காது குத்து இல்லை. மருமகனின் ஆட்கள் வேறு யாராவது மாமன் முறையில் இருத்துவோமே என்கிறார்கள். அவள் திரும்பியும் பார்க்கிறாள் இல்லை. நம் பக்கத்தில் பிள்ளை தாயின் குடி. தகப்பன் எவ்வளவு துள்ளினாலும் காது குத்துகிற நாளில் தாய்மாமன்தான் ராசா. அவளுக்கு இருக்கிற ஒரே ராசா நீ. உன்னை ஊரை விட்டு ஓட வைத்தது நான்.

நீ போனை வைத்ததற்கு அடுத்த நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். வேன் தரிப்பிடத்தில் சட்டத்தைப் பற்றித்தான் கதை. எப்போதிருந்து, எத்தனை வயது வரைக்கும் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். என் கூட்டாளி சிவலிங்கம், "டாங்கியில ஒண்டு, நடுவில ஒண்டு, தாயிட இடுப்பில ஒண்டு எண்டு மோட்டச்சைக்கிள்ல போறவனுக்குச் சட்டம் என்ன சொல்லுது மச்சான்? கதிரைக்கு இடம் எங்க?" என்று கேட்டான். இன்னொருவன், "கதிர வாங்க வக்கில்லாதவன் பிள்ள பெறக்கூடாது எண்டு மறுகா இன்னொரு சட்டம் வரும், பொறு" என்றான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? பிள்ளை பிடிக்கத் தெரியாதவன் எழுதிய சட்டம் இது, தகப்பன் கையை விடப் பெரிய பெல்ட் உண்டா, அறுபது கிலோ மூட்டையைத் தனியாகத் தூக்கி வேன் கூரையில் போட்ட கை இது என்று நீட்டிக் காட்டினேன். சிவலிங்கம் பந்தயம் பிடித்தான். ஒரு கோப்பை பிளேன்ரீக்கு.

கடையில் பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றை வாங்கி, சாரத் துணியால் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு அவனுடைய வேனில் முன்சீற்றில் ஏறினேன். எனக்கு பெல்ட் போடச் சொன்னான், போட்டேன். வாவிக்கரை வீதியில் போனோம். வேகம் ஒன்றும் இல்லை. ஒரு பொடியன் சைக்கிளில் எங்களை முந்தப் பார்த்தான், அவ்வளவுதான். நான் இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஆராரோ" பாடிக் காட்டினேன். சிவலிங்கம் சொல்லாமல் பிரேக்கை மிதித்தான்.

மகன், பை என் கையில் இருந்து போனதே எனக்குத் தெரியாது. கண்ணாடியில் அடித்த சத்தம்தான் தெரியும். பை வெடித்து அரிசி டாஷ்போட் எல்லாம் கொட்டுப்பட்டது. என் வலது மணிக்கட்டு சுளுக்கிவிட்டது. இந்த எழுத்து இப்படி நெளிவதற்கு அதுவும் ஒரு காரணம். பின்சீற்றில் ஏறி வந்த நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிவலிங்கம் இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, "பிள்ளை எங்க மச்சான்? ஊருக்கெல்லாம் மகனக் காட்டினாய். எண்ணெய்க் கையன் நீதான்டா!" என்றான். நானும் சிரித்தேன். பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு காலடியில் கிடந்த அரிசியைக் குனிந்து அள்ளினேன். அள்ளும்போது சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. என் மணிக்கட்டு உன் முழங்கையளவு. தங்கச்சி உன் மடியில் இருந்த அன்றைக்கு உனக்கு ஒன்பது வயது.

எண்ணெய்க் கையன் என்ற அந்தப் பெயர் வந்த கதையை எத்தனை வீட்டில், எத்தனை கல்யாணத்தில் நான் சொல்லியிருப்பேன். எல்லாருக்கும் பாடம். ஆனாலும் நான் சொன்ன மாதிரியே இங்கேயும் ஒரு தரம் எழுதி வைக்கிறேன், பொய்யை அதன் முழு உடுப்போடு நீ பார்க்க வேண்டும். தங்கச்சிக்கு இரண்டு வயதில் உன்னிச்சையில் உன் மாமன் வீட்டில் காது குத்தினோம். சண்டை நின்று பாதை திறந்து கொஞ்ச நாள். மாமன் தன் வட்டையில் விளைந்த நெல்லில் இரண்டு மூட்டை சீராகத் தந்தார். அதைக் கூரையில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். அம்மா பின்சீற்றில் படுத்துவிட்டாள். நீ முன்சீற்றில் தங்கச்சியை மடியில் வைத்திருந்தாய். "நாளைக்கு இவட பிள்ளைக்கு நீதான் மாமன், இப்பவே மடியப் பழக்கு" என்று நான்தான் தூக்கி வைத்தேன். இதுவரைக்கும் உண்மை. இனி என் கதை: பெல்ட் கிடந்தது, இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடு என்று சொன்னேன், இவன் போடவில்லை. குளக்கட்டு தாண்டி வரும்போது எருமை ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக் அடித்தேன். இவன் பிள்ளையைக் கை நழுவ விட்டுவிட்டான். டாஷ்போட்டில் கண்ணாடிச் சட்டம் போட்ட பிள்ளையார் படம் இருந்தது. பிள்ளையின் முகம் அதில் போய் அடித்தது. இடது கண் போய்விட்டது.

ஆசுபத்திரியில் நாங்கள் நின்ற அந்தப் பின்னேரம் உனக்கு எவ்வளவு ஞாபகம் என்று தெரியவில்லை. உன் சேட் முழுக்க இரத்தம். அம்மா சுவரோடு தலையை மோதிக்கொண்டிருந்தாள். உன்னிச்சையில் இருந்து மாமன் வந்து, "எப்பிடி மச்சான் நடந்த?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். ஊரில் இருந்து வந்த எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நான் பார்த்ததும் எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். "இவன்ட கையில எண்ணெய் பூசியிருக்குப் போல" என்றேன். அவ்வளவுதான் மகன், ஒரே ஒரு பகிடி. அதோடு ஒருவரும் திரும்ப என் முகத்தைப் பார்க்கவில்லை. பகிடியால் இவ்வளவு செய்யலாம் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

பிறகு அதை விடவே இல்லை. செம்பில் தண்ணீர் கேட்டால், எண்ணெய்க் கையனிடம் கொடுக்காதீர்கள் என்பேன். கிரிக்கெட்டில் நீ பந்து விட்டால் எல்லைக்கோட்டில் நின்று கத்துவேன். உன் கல்யாணத்தில் நீ தாலியை எடுக்கும்போது, "மெதுவா, மெதுவா, விழுத்திப் போடாத!" என்று ஐந்நூறு பேருக்கு முன்னால் சொன்னேன். உன் கை நடுங்கியது. அதற்கும் சிரித்தார்கள். தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடம் கண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மூன்றாவதாக மருமகன் வந்தபோது, "ஒரு கண் எண்டா நல்லதுதானே தம்பி, உங்கட பிழையில பாதிதான் தெரியும்" என்றேன். தங்கச்சியே சிரித்துவிட்டாள், அந்தப் பிள்ளைக்கு என்னை விட்டால் வேறு தகப்பன் இல்லை. நீ எழும்பி வெளியே போனாய். ரோஷக்காரன் என்று அதையும் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

போன வருடம் உன் மனைவி அம்மாவோடு போனில் அழுதாள். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை வேண்டாம் என்கிறார், பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி நீட்டினாலும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறார் என்று சொன்னாளாம். அம்மா வந்து சொல்லும்போது நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தங்கச்சி எழுதச் சொன்னாள். "கையப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு பிள்ள பெற ஏலாதுதான்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.

இப்போது கதிரைக்கு வருகிறேன். அரிசிப் பை வெடித்த மூன்றாம் நாள் தங்கச்சி கதிரையைத் தூக்கிக்கொண்டு வேனடிக்கு வந்தாள். காது குத்து நடக்கிறதோ இல்லையோ, கிளினிக்குக்குப் பிள்ளையை இதில்தான் கொண்டு போவேன் என்றாள். வேன் உனக்குத் தெரியும், அதே வேன்தான். இரண்டு எஞ்சின் மாற்றியாயிற்று, மூன்று நிறம் பூசியாயிற்று. அவள் கதிரையோடு வந்த புத்தகத்தை ஒற்றைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு உரத்து வாசித்தாள். நான் இரண்டு கண்ணாலும் முழித்துக்கொண்டு நின்றேன். கதிரை பின்சீற்றில் இருக்க வேண்டும், பிள்ளையின் முகம் வேனின் பின்பக்கம் பார்க்க வேண்டும், சீற் பெல்ட்டை இந்த ஓட்டைக்குள்ளால் விட்டு அந்தப் பக்கம் பூட்ட வேண்டும் என்று இருந்தது.

"பெல்ட் எங்கப்பா?"

"பின்னுக்கு இல்ல மக. இது பழைய வேன்."

அவள் நம்பவில்லை. சீற்றுக்குப் போட்ட உறையை இழுத்தாள். நான் தடுத்தேன். "அதுக்குள்ள எலி கிடக்கும், விடு" என்றேன். அவள் கையை உள்ளே விட்டாள். மூலையில் இரும்பில் பூட்டின இடத்தில் நாலு விரல் நீளத்தில் ஒரு பட்டித் துண்டு மிஞ்சிக் கிடந்தது. அதை வெளியே இழுத்து நுனியைத் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவினாள். கண் இல்லாத பக்கத்தை எனக்குக் காட்டிக்கொண்டு, திரும்பாமலே கேட்டாள்.

"இது அறுந்ததில்லையேப்பா. கத்தியால வெட்டின."

நான் உறையை இழுத்து மூடப் பார்த்தேன்.

"முன்னுக்கும் இப்பிடித்தான் வெட்டினீங்களா?"

முன்னுக்கு இப்போது இருப்பது, போலீஸ் பிடிக்கத் தொடங்கிய பிறகு பழைய சாமான் கடையில் வாங்கிப் பூட்டியது. அது அவளுக்கும் தெரியும். பூட்டும்போது அவள்தான் டோர்ச் பிடித்தாள்.

"அண்ணா பெல்ட் போடல்ல எண்டு சொல்லிச் சொல்லித்தானே எங்கள வளத்தீங்க. எந்த பெல்ட்டப்பா?"

மகன், நாலு பெல்ட்டையும் நான்தான் வெட்டினேன். வேன் வாங்கின அந்த மாதமே வெட்டினேன், மீன் வெட்டுகிற கத்தியால். கூரையில் மூட்டை கட்டுகிற கயிறு அடிக்கடி இற்றுப் போகும். இந்தப் பட்டி வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. முன்சீற்றில் இருக்கிற சனம் அந்தக் காலத்தில் அதைப் போடுவதும் இல்லை, சும்மா தொங்குகிற சாமான். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன், தரிப்பிடத்தில் மற்ற வேன்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்கு உன் மாமன் தந்த இரண்டு மூட்டை நெல்லும் அந்த பெல்ட்டால்தான் கூரையில் கட்டிக் கிடந்தது. இறுக்கி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக் கட்டினேன். உனக்கு ஒன்று சொல்கிறேன், அந்த பிரேக்கில் மூட்டை ஒன்றும் விழவில்லை. அடுத்த நாள் அவிழ்த்து இறக்கும்போது ஒரு விரல் கூட அது அரக்கி இருக்கவில்லை. நெல்லைக் குற்றித் தின்றோம்.

பன்னிரண்டு வயதில் நீ ஒரு தரம் என்னிடம் வந்து கேட்டாய். நான் டயர் கழற்றிக்கொண்டிருந்தேன். "அப்பா, எனக்கு பெல்ட்டே ஞாபகம் இல்ல. உண்மையா முன்னுக்கு பெல்ட் கிடந்ததா?" என்றாய். நீ பக்கத்தில் குந்தி இருந்தாய். வேறு ஒருவரும் இல்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நான் கையைத் துடைத்துக்கொண்டு, "கிடந்தது மனே. நீ போடல்ல. ஞாபகம் இல்லாட்டி அது உன்ட மூளையும் எண்ணெய்" என்றேன். நீ தலையாட்டினாய். தகப்பன் சொன்னால் ஒரு பிள்ளை தன் கண்ணையே பொய் என்று நினைக்கும். அதற்குப் பிறகு நீயும் பெல்ட் கிடந்தது என்றுதான் எல்லாருக்கும் சொன்னாய். உன் மனைவிக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய்.

தங்கச்சி பட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வேன் படியில் இருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. நான் வழக்கம் போல ஏதோ பகிடி சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தினாள்.

"எனக்கு ஒரு கண்தான் போனதப்பா. அண்ணாட ரெண்டு கையும் போயிட்டு."

அதற்குப் பிறகு அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இதை எழுத வேண்டும், அனுப்ப வேண்டும். காது குத்துக்கு அண்ணா வந்தாலும் வராவிட்டாலும் இனி என் பிள்ளை இருக்கிற வண்டியை நீங்கள் ஓட்டக்கூடாது. பின்சீற்றில் இருங்கள், உங்களுக்கும் பெல்ட் போடுவேன். முப்பத்தைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்தவனிடம் இப்படிச் சொன்னாள். மருமகன் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்தார். நான் வேன் திறப்பை அவர் கையில் கொடுத்தேன்.

சட்டத்தைப் பற்றி உன்னிடம் நக்கலடித்தேன், அதையும் திருப்பி எடுக்கிறேன். தரிப்பிடத்தில் நான் சொன்னதை மாற்றிச் சொன்னால்தான் சரி. பிள்ளையைப் பிடிக்கத் தெரிந்தவன் எழுதிய சட்டம்தான் அது. எந்தத் தாய் தகப்பனின் கையையும் அது நம்பவில்லை, அன்பையும் நம்பவில்லை, பத்துக் கிலோ பத்துக் கிலோதான் என்று மட்டும் சொல்கிறது. இங்கே ஆட்கள் இன்னும் பிள்ளையை மடியில் வைத்து, சன்னல் காற்று நல்லது என்று முன்சீற்றில் கொண்டு போகிறார்கள். கதிரை வாங்க வழியில்லாதவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வழி இருந்தது. வேனோடு வந்த வழியை வெட்டி நெல்லுக்குக் கட்டினவன் நான். சட்டம் வந்து என்னைப் போன்றவனைப் பிடிக்கட்டும். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதன் தாத்தா வந்து கெஞ்சினாலும் வண்டியில் மடியில் கொடுக்காதே. கதிரையில் கட்டு. இழுத்துப் பார். பிறகு ஓட்டுபவன் யார் என்று பார்.

ஓட்டுபவனைப் பற்றி ஒன்று மிச்சம் இருக்கிறது. இது தங்கச்சிக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. பட்டித் துண்டு ஒருநாள் கையில் அகப்பட்டது, இது ஒருவர் கையிலும் அகப்படாது. நான் செத்தால் என்னோடு போய்விடும். மூன்று நாள் எழுதுகிறேன் என்றேனே, இரண்டு நாள் இந்த இடத்தில்தான் இருந்தேன்.

சின்னதில் நான் உங்களுக்குக் காட்டுகிற ஒரு விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? ஆளில்லாத வீதியில் போகும்போது, "விமானம் இறங்குது, விமானம் இறங்குது" என்று கத்திவிட்டு பிரேக்கைத் தட்டுவேன். நீங்கள் முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வருவீர்கள். கெக்கட்டம் விட்டுச் சிரிப்பீர்கள். அம்மா ஏசுவாள். அன்றைக்குத் தங்கச்சி காது நோவில் வழி நெடுக அழுதுகொண்டு வந்தாள். நீ அவளுடைய புதுத் தோட்டில் கை படாமல், கன்னத்தை உன் நெஞ்சில் சாய்த்து, தட்டிக்கொண்டே வந்தாய். நன்றாகத்தான் பிடித்திருந்தாய். எனக்கு அந்த அழுகை பொறுக்கவில்லை, சிரிக்க வைக்கிறேன் பார் என்று நினைத்தேன். கூரையில் இரண்டு மூட்டை பாரம், வழக்கத்தை விடக் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். கத்தவும் இல்லை, திடீரென்று செய்தால் இன்னும் சிரிப்பாள் என்று. நீ அவளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததால் வீதியைப் பார்க்கவில்லை.

வீதியில் ஒன்றும் இல்லை மகன். எருமை வரவில்லை.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் நீ தந்துவிடுவாய், உன் சுபாவம் அது. தராதே. பூரணைக்கு வா. என்னோடு பேச வேண்டியதில்லை. கோயிலில் நான் பின்னுக்கு, செருப்புக் கழற்றுகிற இடத்தில் நிற்கிறேன். தங்கச்சி பிள்ளையை உன் மடியில் வைக்கும்போது கை நடுங்கினால் நடுங்கட்டும். கோயில் நிலத்தில் பிரேக் இல்லை, ஓட்டுவதற்கு நானும் இல்லை. வரவே மாட்டேன் என்றால் அதற்கும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளையின் காது மூடிக் கிடக்கும், பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள், காரணம் நான் என்று தங்கச்சி சொல்வாள். நான் பக்கத்தில் நிற்பேன். என்னையும் ஒருவரும் குத்தவில்லை, பிள்ளைக்கும் குத்தவில்லை என்று சிரிக்க வைக்க மாட்டேன். பார், எழுதும்போதே வருகிறது. இந்த வாயை எங்கே கொண்டு போய்க் கட்டுவது என்று தெரியவில்லை.

இத்தோடு ஒரு பார்சலும் வரும். உள்ளே இருப்பது அந்த முன்சீற் பெல்ட்தான். எறியவே இல்லை, பின்கட்டில் விறகு கட்டிக் கிடந்தது. நேற்று விறகை அவிழ்த்துவிட்டு எடுத்துக் கழுவினேன். சாயம் போய்விட்டது, வேறு ஒன்றும் ஆகவில்லை. ஒரு முனையில் இரும்பு நாக்கு இருக்கிறது, அதைக் கதிரைக்காகத் தங்கச்சி பின்சீற்றில் புதிதாகப் பூட்டுவித்த பெல்ட்டின் பூட்டில் விட்டுப் பார்த்தேன், இன்னும் டக் என்று பிடிக்கிறது. மற்ற முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார். வெட்டு நேராக இருக்கும். அது என் கை.